பாக்கெட்டைக் கலந்து அனுப்பினால் வேகம் கூடுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நெட்வொர்க் கோடிங் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன்: நடுவழியில் இருக்கும் ரவுட்டர், வந்த பாக்கெட்டை (தகவல் பயணிக்கும் சிறு பொட்டலத்தை) வந்தபடியே தள்ளிவிடாமல் இரண்டு மூன்றைக் கணக்குப் போட்டுக் கலந்து ஒன்றாக அனுப்பலாம், கடைசியில் வாங்குபவர் பிரித்துக்கொள்வார் என்று. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதமா! அதிலும் பாதிக்கு மேல் கேரள, ஆந்திர எல்லையோரத்து ஊர்களிலிருந்து. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பதில்கள் சில நீண்டுவிட்டன.

கே: ஏனுங்க சார், கொழிஞ்சாம்பாறையிலிருந்து முதலமடைப் பக்கத்து மாந்தோப்புகளுக்கு வயர்லெஸ்ஸில் நெட் கொடுக்கறனுங்க. தென்னைக்கு மேலே கம்பம் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் தாவி மூணு ஹாப்பில் போகுது. ஆடிக் காத்தில் லைன் திணறுதுங்க. நெட்வொர்க் கோடிங் போட்டா சரியாகுமா? மீனாட்சிபுரம் வழியா இன்னொரு லைனும் இருக்குது, அது கொஞ்சம் மெதுவு, சும்மாதான் கிடக்குது.
– நெட் இணைப்பு நடத்துபவர், கொழிஞ்சாம்பாறை

ப: முதலில் கம்பத்துக்கு நாலு பக்கமும் ஸ்டே வயர் இழுத்துக் கட்டுங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டிஷ்ஷைப் பார்த்து நிற்கும் ஆன்டெனா இரண்டு மூன்று டிகிரி திரும்பினாலே சிக்னல் இறங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆன்டெனா திரும்பியதை எந்தக் கோடிங்கும் நிமிர்த்தி வைக்காது.

சரி, கம்பம் நின்றுவிட்டது, அப்புறமும் ஹாப்புக்கு நூற்றில் பத்து பாக்கெட் தொலைகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஹாப் தாண்டிப் போய்ச் சேர்வது 0.9 × 0.9 × 0.9, அதாவது நூற்றுக்கு 73 தான். கொழிஞ்சாம்பாறையில் கலந்து, நடுவில் யாரும் தொடாமல் விட்டு, மாந்தோப்பில் பிரிப்பதாக இருந்தால் 100 பாக்கெட் சரக்கு போய்ச் சேர நீங்கள் சுமார் 137 அனுப்ப வேண்டும். நடுக்கம்பத்து ரவுட்டர்களும் தங்களிடம் வந்து சேர்ந்ததை மறுபடி கலந்து புதிதாக அனுப்பினால் ஒவ்வொரு ஹாப்பிலும் 112 போதும். மற்ற பிழை திருத்தும் முறைகளிடமிருந்து நெட்வொர்க் கோடிங் விலகி நிற்கும் இடம் இந்த நடுவழிக் கலவைதான். அதற்காக நடுவில் இருப்பவர் எல்லாவற்றையும் வாங்கிப் பிரித்து முடிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம், கையில் வந்தவரை வைத்தே அடுத்த கலவையைப் போட்டு அனுப்பலாம்.

இதைப் படித்துவிட்டுப் பெட்டி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் வயர்லெஸ் கருவிகள் அநேகமாக வைஃபை வம்சம். ஒரு பாக்கெட் அடுத்த கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உடனுக்குடன் ஒப்புகை வரும், வராவிட்டால் கருவியே திரும்ப அனுப்பிவிடும். பாதை ஒன்று, வாங்குபவர் ஒருவர், ஒப்புகை மில்லிசெகண்டில் வந்துவிடுகிறது என்றால் இந்தப் பழைய முறையே உங்களை அந்த 0.9 வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும், கோடிங் வந்து புதிதாகச் சம்பாதித்துக் கொடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. இதைப் பல கட்டுரைகள் சொல்வதில்லை, ஏனென்றால் அவை ஒன்றுமே செய்யாத நெட்வொர்க்கோடு தங்கள் முறையை ஒப்பிடுகின்றன. கருவியின் செட்டிங் பக்கத்தில் ரீட்ரை (திரும்ப அனுப்பியது) எண்ணிக்கையைப் பாருங்கள். ரீட்ரை ஏறுகிறது, பிங் சோதனையில் பாக்கெட் தொலையவில்லை, ஆனால் நேரம் மட்டும் எகிறுகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது ஸ்டே வயர்தான்.

எனக்கு உங்கள் கடிதத்தில் பிடித்தது அந்த மீனாட்சிபுரம் லைன். இரண்டு பாதையையும் சேர்த்து ஓட்டும்போது எந்தப் பாக்கெட்டை எதில் விடுவது, ஒன்றில் தொலைந்ததை மற்றதில் திரும்ப அனுப்புவதா என்பதெல்லாம் தீராத தலைவலி. கலவையாக அனுப்பினால் அந்தக் கேள்வியே எழாது. 32 பாக்கெட்டை ஒரு கட்டாக எடுத்துக் கலக்கிறீர்கள் என்றால், எந்த வழியாக எந்த 32 வெவ்வேறு கலவை வந்து சேர்ந்தாலும் கட்டு முழுமை. நடுக்கம்பங்களைத் தொடவே வேண்டாம், இரண்டு முனையிலும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி வைத்து நடுவில் டனல் (இரண்டு பெட்டிக்கும் நடுவே தனிக் குழாய் போன்ற இணைப்பு) போட்டால் போதும். பாக்கெட் வரிசை மாறி வந்தால் டிசிபி (பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் இணைய விதிமுறை) குழம்பும், அதனால் பிரித்து வரிசைப்படுத்தி முடித்த பிறகுதான் வெளியே விட வேண்டும். மெதுவான லைனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாமல் ஆரம்பித்துப் பாருங்கள்.

கே: வகுப்பில் நெட்வொர்க் கோடிங்குக்கு எப்போதும் அந்தப் பட்டாம்பூச்சிப் படத்தைத்தான் (நடு இணைப்பில் கலந்து இரண்டு பேருக்கு அனுப்பும் பாடப்புத்தக உதாரணம்) வரைகிறேன். ‘நிஜத்தில் இப்படி ஒரு நெட்வொர்க் எங்கே இருக்கிறது?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வேறு உதாரணம் உண்டா?
– விரிவுரையாளர், பாலக்காடு

ப: மேடம், மூன்று கம்பத்தை வரையுங்கள். ஒரு பக்கம் வாளையாறு, நடுவில் கஞ்சிக்கோடு, அந்தப் பக்கம் பாலக்காடு. வாளையாறும் பாலக்காடும் ஒன்றையொன்று நேரில் கேட்காது, கஞ்சிக்கோட்டுக்கு இருவர் குரலும் எட்டும். வாளையாறு 1011 அனுப்ப வேண்டும், பாலக்காடு 0110. வழக்கப்படி ஆளுக்கு இரண்டு ஹாப், மொத்தம் நாலு தடவை ரேடியோ பேச வேண்டும். அதற்குப் பதில் கஞ்சிக்கோடு இரண்டையும் வாங்கி எக்ஸ்-ஆர் (இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1) போட்டால் 1101. அதை ஒரே தடவை இரு பக்கமும் கேட்கும்படி சொல்லிவிடுகிறது. வாளையாறு தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் 1011-ஐ அதோடு எக்ஸ்-ஆர் போட்டால் 0110 கிடைக்கும், பாலக்காடு தன் 0110-ஐப் போட்டால் 1011. நாலு மூன்றாகிவிட்டது. பிள்ளைகளையே போர்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதை நிஜத்தில் செய்து பார்த்தவர்கள் எம்ஐடியில் சச்சின் கட்டி, தீனா கட்டாபி குழுவினர். 2006-ல் 20 முனைகள் கொண்ட வயர்லெஸ் நெட்வொர்க்கில் ‘கோப்’ என்ற பெயரில் ஓட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்தது அவர்களின் தந்திரங்கள்தான். வைஃபையில் எல்லோருக்கும் பொதுவாக ஒலிபரப்பினால் ஒப்புகையும் கிடையாது, திரும்ப அனுப்புவதும் கிடையாது. ஆகவே கலவையை யாரோ ஒருவருக்கு முகவரி போட்டு அனுப்பிவிட்டு மற்றவர்களை ஒட்டுக்கேட்க வைத்தார்கள். கலப்பதற்கு ஜோடிப் பாக்கெட் வரட்டும் என்று எதையும் காக்க வைக்கவில்லை, வரிசையில் ஜோடி இருந்தால் கலவை, இல்லாவிட்டால் தனியாகவே போகட்டும் என்று விட்டார்கள்.

பலன்? நெரிசலில் யுடிபி (ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பும் முறை) போக்குவரத்துக்குப் பல மடங்கு வரை கிடைத்தது. டிசிபிக்கோ, ஒன்றையொன்று கேட்காத முனைகள் மோதிக்கொள்ளும் இடத்தில், 2, 3 சதவீதம்தான். மோதலில் பாக்கெட் தொலைந்ததும் டிசிபி பயந்துபோய் வேகத்தைக் குறைத்துவிடும், வேகம் குறைந்தால் வரிசையில் ஆள் இருக்காது, ஆள் இல்லாவிட்டால் எதைக் கலப்பது? பட்டாம்பூச்சிப் படத்தைவிட இந்த முடிச்சைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், ஒரு பீரியட் போதாது.

கே: அண்ணா, நான் சித்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஐந்து ராஸ்பெர்ரி பை (கையடக்கச் சிறு கணினி) வைத்து நெட்வொர்க் கோடிங் புராஜெக்ட் செய்கிறோம். புத்தகத்தில் தேற்றம்தான் இருக்கிறது. ஜெனரேஷன் (ஒன்றாகக் கலக்கும் பாக்கெட் கட்டு) எவ்வளவு, ஃபீல்டு (கணக்குப் போடும் எண் தொகுதி) எவ்வளவு, ஹெடரில் (பாக்கெட்டின் தலைப்பில்) என்ன வைப்பது என்று எங்கேயும் தெளிவாக இல்லை.
– மாணவர், சித்தூர்

ப: தம்பி, ஆந்திரச் சித்தூரா, பாலக்காட்டுச் சித்தூரா என்று எழுதவில்லை. தபால் முத்திரையும் அழிந்திருக்கிறது. எந்தச் சித்தூராக இருந்தாலும் பதில் ஒன்றுதான்.

நீ செய்யப்போவது ரேண்டம் லீனியர் வகை. ஒவ்வொரு பாக்கெட்டையும் தற்செயலாக எடுத்த ஒரு எண்ணால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டு, அதுதான் கலவை. பெருக்கிய எண்கள்தான் கெழுக்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த நேரியல் சமன்பாட்டுத் தொகுப்பேதான் இது, தெரியாத மாறிகளின் இடத்தில் பாக்கெட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. 2003-ல் ஃபிலிப் சௌ, யுனான் வூ, கமல் ஜெயின் மூவரும் செய்த வேலைதான் இதைத் தாளிலிருந்து ரவுட்டருக்கு இறக்கியது. கெழுக்களைப் பாக்கெட்டின் தலையிலேயே எழுதி அனுப்பிவிடு, பாக்கெட்டுகளைச் சிறு கட்டுகளாகப் பிரித்து அந்தந்தக் கட்டுக்குள் மட்டும் கல. இவ்வளவுதான் யோசனை. இதனால் வாங்குபவருக்கு நெட்வொர்க்கின் வரைபடமே தெரிய வேண்டாம். நடுவில் ஒரு பை அணைந்து பாதை மாறிப்போனாலும் கெழு கையோடு வருகிறது, பிரித்துவிடலாம்.

ஃபீல்டு: இரண்டே எண் கொண்ட ஃபீல்டு, அதாவது வெறும் எக்ஸ்-ஆர், அல்லது 256 எண் கொண்டது. எக்ஸ்-ஆர் வேகமானது, ஆனால் கட்டின் அளவுக்குச் சரியாக அத்தனை கலவை மட்டும் வந்தால் அவை ஒன்றையொன்று சாராமல் இருக்க வாய்ப்பு சுமார் 29 சதவீதம்தான். சராசரியாக ஒன்றரைக்குச் சற்று மேல் கூடுதல் பாக்கெட் தேவைப்படும். 256-ல் அந்த வாய்ப்பு 99.6 சதவீதம். கட்டில் 100 பாக்கெட் என்றால் கூடுதலாக ஒன்றரை பெரிய விஷயமில்லை. கட்டில் 8 என்றால் அது கொள்ளை. 256-ல் இன்னொரு வசதி, ஒரு பைட் ஒரு எண்ணாக அப்படியே உட்காரும்.

256-க்கான பெருக்கல் அட்டவணையை முழுதாக வைத்தால் 64 கிலோபைட், பெரும்பாலான பை-களின் உள் கேஷில் (சிப்புக்குள் இருக்கும் சிறு வேக நினைவகம்) அது அடங்காது, அங்கேதான் பலபேருடைய புரோகிராம் நொண்டுகிறது. பைட்டை நாலு நாலு பிட்டாக உடைத்தால் ஒவ்வொரு கெழுவுக்கும் 16 எண் கொண்ட இரண்டு சின்ன அட்டவணை போதும். ஏஆர்எம் சிப்பின் நியான் கட்டளைகள் ஒரே மூச்சில் 16 பைட்டை அதில் தேடிக் கொடுத்துவிடும்.

கட்டின் அளவு: 32-ல் ஆரம்பி. 1400 பைட் பாக்கெட்டில் 32 பைட் கெழு என்றால் 2.3 சதவீதச் செலவு. 128 என்று போனால் 9 சதவீதம், பிரிக்கும் வேலையும் பைட்டுக்கு நாலு மடங்கு, காத்திருப்பும் கூடுதல். சிறிதாகப் போட்டால் என்ன குறை என்றால், தொடர்ச்சியாகத் தொலையும்போது கட்டே போய்விடும். 10 எம்பிபிஎஸ் லைனில் 32 பாக்கெட் கடந்துபோக 36 மில்லிசெகண்டுதான் ஆகிறது, யாராவது குறுக்கே வந்து லைன் 200 மில்லிசெகண்டு மறைந்தால் ஐந்து கட்டு காலி. அப்படிப்பட்ட இடத்தில் சில கட்டுகளை ஒன்றோடொன்று ஊடாக அனுப்பு, அல்லது கட்டே இல்லாமல், கடைசியாக வந்த சில பாக்கெட்டை மட்டும் சேர்த்து நகரும் ஜன்னலாகக் கல.

இனி யாரும் சொல்லாத, ஆனால் முதல் நாளே இடிக்கும் விஷயம். பாக்கெட்டுகள் ஒரே நீளத்தில் வருவதில்லை. கலக்க வேண்டுமானால் குட்டையானதற்குப் பின்னால் பூஜ்யம் நிரப்பி நீளமானதற்குச் சமமாக்க வேண்டும், பிரித்த பிறகு பூஜ்யத்தை எங்கே வெட்டுவது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு பாக்கெட்டின் அசல் நீளத்தையும் இரண்டு பைட்டில் அதன் முன்னால் ஒட்டி, அதையும் சேர்த்துக் கல. ஹெடரில் தனியாக வைத்தால் நடுவழியில் மறுபடி கலந்ததும் அர்த்தமிழந்துவிடும். 40 பைட் டிசிபி ஒப்புகைகளை 1400 பைட் சரக்கோடு கலக்காதே, அவற்றுக்குத் தனி வழி விடு. 1500 பைட் வரம்பில் ஐபிக்கு 20, யுடிபிக்கு 8, கட்டு எண்ணுக்கு 2, கெழுவுக்கு 32, நீளத்துக்கு 2 போக 1436 பைட்தான் உனக்கு. இதைப் பார்க்காமல் விட்டால் பாக்கெட் இரண்டாக உடைந்து பயணிக்கும், தொலையும் வாய்ப்பும் இரட்டிக்கும்.

அனுப்பும்போது முதலில் 32-ஐயும் கலக்காமல் அப்படியே அனுப்பிவிட்டு, அதற்குப் பின் நாலைந்து கலவையை அனுப்பு. ஒன்றும் தொலையாத நேரத்தில் பிரிக்கும் வேலையே இருக்காது. வாங்கும் பக்கம் 32-ம் வரட்டும் என்று உட்கார்ந்திராமல், வர வரக் காஸ் நீக்கலில் (சமன்பாடுகளிலிருந்து மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கித் தீர்க்கும் முறை) தள்ளிக்கொண்டே இரு. நீக்கி முடித்ததும் வரிசை முழுக்கப் பூஜ்யமாகிவிட்டால் அந்தப் பாக்கெட்டில் புதிதாக ஒன்றுமில்லை, தூக்கி எறி. ஒப்புகையாக அனுப்ப வேண்டியது ‘எந்தப் பாக்கெட் வந்தது’ என்பதை அல்ல, அணியின் தரம் (இதுவரை வந்த, ஒன்றையொன்று சாராத கலவைகளின் எண்ணிக்கை) இப்போது எவ்வளவு என்ற ஒரே ஒரு எண்ணை.

லாஸை (பாக்கெட் தொலைவதை) லினக்ஸின் நெட்எம் கருவி வைத்துப் போலியாக உண்டாக்கலாம். வெறும் தற்செயல் லாஸோடு நிறுத்தாமல் கொத்துக் கொத்தாகத் தொலையும் மாதிரியையும் போட்டுப் பார். ஒப்பிடும்போது ஹாப்புக்கு ஹாப் திரும்ப அனுப்பும் முறையோடு ஒப்பிடு. வைவாவில் நான் உட்கார்ந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.

கே: பாக்கெட்டைக் கலந்துவிட்டால் நடுவில் திருடுபவனுக்கு ஒன்றும் புரியாதே. பாஸ்வேர்டு, என்கிரிப்ஷன் எல்லாம் மிச்சம்தானே?
– ஜவுளிக்கடைக்காரர், நகரி

ப: இல்லை. கெழு பாக்கெட்டின் தலையிலேயே எழுதியிருக்கிறது, போதுமான கலவை கிடைத்தால் யார் வேண்டுமானாலும் பிரித்துவிடலாம். உண்மையில் ஒரு புதிய ஆபத்தும் சேர்கிறது. விஷமி ஒருவன் ஒரே ஒரு பொய்ப் பாக்கெட்டை நடுவில் நுழைத்தால் அடுத்தடுத்த ரவுட்டர்கள் அதையும் கலந்து பரப்பி, கட்டு முழுவதையும் பாழாக்கிவிடும். கலப்பதற்கு முன்னால் என்கிரிப்ட் செய்யுங்கள், அதோடு ஒவ்வொரு ஹாப்பிலும் ரகசியச் சாவி போட்ட முத்திரையைச் சரிபார்த்த பிறகே கலக்கவிடுங்கள்.

கே: ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியன் நான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். சேட்டிலைட் இணைப்புக்கு இந்த முறை பொருந்துமா? கார்த்திகை மழையில் டிவி படம் நின்றுபோவதும் தீருமா?
– வாசகர், சூளூர்ப்பேட்டை

ப: ஐயா, முதல் கேள்விக்குப் பொருந்தும் என்பதே பதில், காரணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்கக் கால் வினாடி, பதில் திரும்பி வர இன்னொரு கால் வினாடி. தொலைந்த பாக்கெட்டைக் கேட்டு வாங்க ஒவ்வொரு தடவையும் அரை வினாடி என்றால் யார் காத்திருப்பது? முன்கூட்டியே சில கலவைகளைச் சேர்த்து அனுப்பிவிட்டால் தொலைந்தது எதுவானாலும் கேட்காமலே ஈடாகிவிடும். கொழிஞ்சாம்பாறைக்காரரின் ஒற்றை லைனுக்கு நான் வேண்டாம் என்றதற்கும் உங்களுக்குச் சரி என்பதற்கும் வித்தியாசம் இந்த அரை வினாடிதான். இணைய ஆய்வுக் குழுவான ஐஆர்டிஎஃப்காரர்கள் செயற்கைக்கோள் வலைகளில் நெட்வொர்க் கோடிங்கை எங்கே பயன்படுத்தலாம் என்று 2021-ல் ஆர்எஃப்சி 8975 என்ற ஆவணமே வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டு பூமி நிலையங்கள் ஒரே செயற்கைக்கோள் வழியாகப் பேசும்போது மேலே சொன்ன கஞ்சிக்கோடு கணக்கும் அப்படியே செல்லும்.

மழை விஷயம் வேறு. அடைமழையில் சிக்னலே தரைக்கு வரவில்லை, சில நிமிடங்களுக்கு எல்லாப் பாக்கெட்டும் போகிறது. ஒன்றுமே வராத இடத்தில் எதை வைத்துப் பிரிப்பது? டிவி ஒளிபரப்பில் பயன்படும் டிவிபி-எஸ்2 முறைக்குள்ளேயே பிட் பிழைகளைத் திருத்தும் வலுவான குறியீடு இருக்கிறது. அதையும் மீறித்தான் படம் நிற்கிறது. கொஞ்சம் பெரிய டிஷ் உதவும்.

கே: இது வந்து 25 வருஷம் ஆகிறதாம். அவ்வளவு நல்லதென்றால் என் போனில் ஏன் இல்லை?
– வாசகி, குப்பம்

ப: நியாயமான கேள்வி. 2000-ல் ரூடால்ஃப் ஆல்ஸ்வீடே, நிங் காய், ராபர்ட் லி, ரேமண்ட் யூங் நால்வரும் கோட்பாட்டை நிறுவினார்கள். அவர்கள் நிரூபித்தது, ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும்போது வெறுமனே தள்ளிவிடுவதால் எட்ட முடியாத உச்சத்தைக் கலப்பதால் எட்டலாம் என்பது. நாம் போனில் செய்வது பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர். நாட்டின் முதுகெலும்பான ஃபைபரில் பாக்கெட் தொலைவதே அபூர்வம், தொலையாத இடத்தில் ஈடு செய்ய என்ன இருக்கிறது? அங்கிருக்கும் ரவுட்டர்கள் ஓடும் வேகத்தில் ஒவ்வொரு பைட்டையும் பெருக்கிக் கொண்டிருக்கவும் முடியாது. அப்புறம் காப்புரிமைகள், அது தனிப் புராணம்.

ஆனால் எங்கேயும் இல்லை என்று சொல்ல முடியாது. 2013-ல் வந்த லினக்ஸ் 3.10-ல் பேட்மேன் என்ற மெஷ் (முனைகளே ஒன்றுக்கொன்று கைமாற்றும்) நெட்வொர்க் முறைக்கு எக்ஸ்-ஆர் கலவை சேர்க்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2005-லேயே அவலாஞ்ச் என்ற பெயரில் பெரிய கோப்புகளைப் பலருக்குப் பகிர இதை முயன்றார்கள். அதே ரேமண்ட் யூங்கும் ஷெங்ஹாவ் யாங்கும் உருவாக்கிய பேட்ஸ் என்ற முறை, பல ஹாப் போகும்போது நடு முனைகளின் நினைவகச் சுமையைக் குறைப்பதற்கென்றே வந்தது. போனில் தேடாதீர்கள், பலர் ஒரே சமயம் கேட்கும் இடத்தில் தேடுங்கள். அடுத்த கடிதமே அப்படிப்பட்ட ஒன்றுதான்.

கே: மூணாறு பக்கம் எஸ்டேட்டில் மழையும் மண் ஈரமும் அளக்க நாற்பது லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் ரேடியோ) சென்சார் வைத்திருக்கிறோம். மென்பொருளைப் புதுப்பிக்க ஒவ்வொன்றுக்கும் சரிவில் ஏறிப்போய் கேபிள் குத்துகிறோம். அட்டைக்கடி தாங்கவில்லை சார். ரேடியோவிலேயே அனுப்பிப் பார்த்தோம், ஆளுக்கொரு துண்டு தொலைக்கிறது.
– எஸ்டேட் டெக்னீஷியன், மூணாறு

ப: இந்த இதழுக்கு வந்ததிலேயே கோடிங் ஜம்மென்று உட்காரும் இடம் இதுதான்.

20 கிலோபைட் மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் லோரா நெட்வொர்க்கான லோராவான் ஓடுவது 865–867 மெகாஹெர்ட்ஸில். மிக மெதுவான அமைப்பில் ஒரு பாக்கெட்டில் 51 பைட்தான் ஏறும், தலைப்புக்கு மூன்று போனால் 48. ஆக 427 துண்டு. ஒவ்வொரு சென்சாரும் பத்து சதவீதம் தொலைக்கிறது. ஒரு குறிப்பிட்ட துண்டு நாற்பது பேருக்கும் முதல் தடவையே கிடைத்திருக்க வாய்ப்பு 0.9-ஐ நாற்பது தடவை பெருக்கியது, ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அதாவது தொலைந்ததைத் திரும்ப அனுப்பப் போனால் கிட்டத்தட்ட 427 துண்டையுமே மறுபடி அனுப்ப வேண்டும், அதிலும் பத்து சதவீதம் தொலையும், மூன்றாவது சுற்று வேறு. போதாக்குறைக்கு நாற்பது சென்சாரும் ‘எனக்கு இது இல்லை, அது இல்லை’ என்று மேலே கூவி ஒன்றோடொன்று மோதும்.

கலவை அனுப்பினால் யாருக்கு எது தொலைந்தது என்று கேட்கவே வேண்டாம். 427-ஐயும் அப்படியே அனுப்பிவிட்டு, அதன் பிறகு எக்ஸ்-ஆர் கலவை ஒரு 80 அனுப்புங்கள். ஒரே கலவை ஒருவருக்கு ஐந்தாவது துண்டையும் இன்னொருவருக்கு 300-ஆவது துண்டையும் ஈடு செய்யும். லோரா அலையன்ஸ் 2018-ல் வெளியிட்ட துண்டு அனுப்பும் விதிமுறை இந்த வழியில்தான் போகிறது, அதனால் நீங்களாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், உங்கள் சென்சாரின் மென்பொருள் அதை ஆதரிக்கிறதா என்று பாருங்கள்.

சித்தூர்த் தம்பிக்குச் சொன்னதிலிருந்து இங்கே ஒன்று மாறும். 51 பைட்டில் கெழுவை வைக்க இடமில்லை. துண்டின் வரிசை எண்ணையே விதையாகக் கொடுத்து, இரு பக்கமும் ஒரே சூத்திரத்தில் கெழுவை உண்டாக்கிக்கொள்ளும். கேட்வேயிலிருந்து (சென்சார்களோடு பேசும் மைய ரேடியோப் பெட்டி) சென்சாருக்கு நேராகப் போவதால் இது செல்லும், நடுவில் ரிலே வைத்து மறுபடி கலந்தால் செல்லாது. நினைவகம் பற்றியும் பயப்பட வேண்டாம். வந்த துண்டை உடனே ஃபிளாஷில் எழுதிவிட்டு, தொலைந்தவற்றுக்கு மட்டும் அணி வைத்தால் போதும். 60 துண்டு தொலைந்தாலும் 60-க்கு 60 பிட், 450 பைட்தான்.

மெதுவான அமைப்பில் ஒரு பாக்கெட் பறக்கவே இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும், 507-க்கும் இருபது நிமிடத்தைத் தாண்டும். அவ்வளவு நேரம் சென்சார் காதைத் திறந்து வைத்திருந்தால் பேட்டரி இறங்கும், ஆகவே நேரம் குறித்து எழுப்புங்கள். பக்கத்தில் இருப்பவற்றுக்கு வேகமான அமைப்பில் தனிக் குழுவாக அனுப்பிவிடலாம். பிரித்து முடித்ததும் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் பழைய மென்பொருளின் மேல் எழுத விடாதீர்கள், பாதி எழுதி நின்றுபோன சென்சாருக்கு மறுபடி சரிவில் ஏறித்தான் ஆக வேண்டும். முதல் தடவை ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று சென்சாரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். நாற்பதிலும் ஓட்டிய பிறகு எது தேறவில்லை என்ற பட்டியல் கேட்வேயிலேயே கிடைக்கும், அவற்றுக்கு மட்டும் கேபிளும் உப்புப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.